காங்கேசன்துறையில் இறங்கினால் எங்கே போவது?

சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் விடத் தொடங்கியது 2023 ஜூன் மாதம். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்களைத் தொடுகிற பயணம் அது. நம் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பக்கத்தில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கையில் கொஞ்சம் சேமிப்பும் முழங்காலில் கொஞ்சம் வலியும் உள்ள நம் வயதுக்காரர்களுக்கு இது வசதியான பயணம்தான். பெட்டியை ஒரே அறையில் வைத்துவிட்டு மூன்று ஊர் பார்க்கலாம். போக நினைக்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "கரையில் இறங்கினால் எந்த டூரை எடுப்பது?" என்பதுதான். மற்ற இரண்டு துறைமுகங்களை விட்டுவிடுகிறேன். காங்கேசன்துறையைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு கருத்து உண்டு.

கரையில் கிடைப்பது சில மணி நேரம். யாழ்ப்பாண நகரம் அங்கிருந்து சுமார் 18 கிலோமீட்டர். நல்லூர்க் கந்தசாமி கோயில், கோட்டை, பொது நூலகம், கடைவீதி என்று ஒரே மூச்சில் சுற்றிக்காட்டுகிற பஸ்ஸில்தான் எல்லோரும் ஏறப் பார்ப்பார்கள். "காசு கொடுத்துப் போகிறோம், நாலு இடம் பார்க்க வேண்டாமா?" என்பது அதற்கான நியாயம். நான் சொல்வது வேறு. நகரத்துக்கே போக வேண்டாம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற மாவிட்டபுரத்தையும் கீரிமலையையும் நிதானமாகப் பாருங்கள்.

காரணம் தூரம் மட்டுமில்லை. நீங்கள் இறங்குகிற அந்த மண்ணுக்கு ஒரு கதை இருக்கிறது. 1990 ஜூனில் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டையும் வயலையும் தோணியையும் விட்டுவிட்டு ஓடினார்கள். அதன்பிறகு அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. சொந்த நிலத்தின் பத்திரம் கையில் இருந்தும் உள்ளே போக முடியாது. 2009இல் போர் முடிந்த பிறகும் நிலம் துண்டுதுண்டாகத்தான் திரும்பி வந்தது. பக்கத்து மயிலிட்டியின் மீன்பிடித் துறைமுகம் மக்கள் கைக்கு வந்தது 2017 ஜூலையில், 27 ஆண்டுகள் கழித்து. காங்கேசன்துறைக்கு ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது 2015 ஜனவரியில். இன்னும் சில இடங்கள் ராணுவத்திடமே இருக்கின்றன.

வெளிநாட்டவருக்கும் கட்டுப்பாடு இருந்தது. வடக்கே போக வேண்டுமென்றால் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வாங்கி ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். 2011இல் அதைத் தளர்த்தினார்கள். 2014 அக்டோபரில் மறுபடி கொண்டுவந்தார்கள். ஆட்சி மாறியதும் 2015 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். ஒரு கதவு இப்படித் திறந்து மூடித் திறந்த ஊரில்தான் நாம் இன்று கழுத்தில் கப்பல் அட்டையை மாட்டிக்கொண்டு இறங்குகிறோம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2021 நவம்பரில் முதல்வர் அங்கே வந்து புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டியது பலருக்கும் நினைவிருக்கும். இப்படிப்பட்ட முகாம்களில் இருப்பவர்கள் இதே கடலைத் தோணியில் கடந்து வந்தவர்கள். பலருக்கு இங்கேயே பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். கணக்கெடுப்பு நாளில் ஆள் முகாமில் இருந்தாக வேண்டும். நாட்டை விட்டுப் போவதென்றால் தனி அனுமதி வேண்டும். நம்மைப் போல டிக்கெட் எடுத்துக் கப்பலில் ஏறி, மூன்றாம் நாள் காலையில் தன் ஊர்க் கோயிலைப் பார்த்துவிட்டு வர அவர்களால் முடியாது.

அதனால்தான் சொல்கிறேன். அவர்கள் போக முடியாத இடத்துக்கு நாம் போகிறபோது, எதைப் பார்ப்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். நகரத்தின் நாலு இடத்தையும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துப் படம் பிடித்து வருவதற்கும், மூடிக் கிடந்த மண்ணில் ஒரு மணி நேரம் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பார்க்கவும் குறைவில்லை. கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர்க் கேணி இருக்கிறது. பிதிர்க்கடன் கழிக்க ஆடி அமாவாசையில் கூட்டம் நெரியும். அருகே நகுலேஸ்வரம், இலங்கையின் பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. திருகோணமலையில் கோணேஸ்வரம் பார்த்தவர்களுக்கு இது இரண்டாவது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இங்கே தீர்த்தமாடி முகம் மாறினார் என்பது தலபுராணம். குதிரைமுகத்தோடு வந்த மாருதப்புரவல்லி என்ற இளவரசியும் இங்கே நீராடிக் குணமடைந்தாளாம். மா என்றால் குதிரை. அந்த முகம் விட்டுப்போன ஊர் மாவிட்டபுரம் என்பார்கள். அங்கே கந்தசாமி கோயில். போரில் அடிபட்டு மறுபடி எழுந்த கோயில்கள் இவை. போகிற வழியில் கூரை இல்லாத வீடுகள் கண்ணில் படும். அதையும் பாருங்கள். டீக்கடையில் உட்காருங்கள், நம் மொழிதான். நீங்கள் கொடுக்கிற காசு அந்த ஊரிலேயே நிற்கும்.

நூலகத்தைப் பார்க்காமல் வருவதா என்று கேட்பீர்கள். 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிந்த நூலகம் அது. பார்க்க வேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் பதினைந்து நிமிடத்தில் பார்க்கிற இடமில்லை. அதற்கென்று தனியாக யாழ்ப்பாணம் போங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. நான்கு மணி நேரம்தான். அதில் போனால் இரண்டு நாள் தங்கலாம். உல்லாசக் கப்பலில் போகிறவன் அரை நாள் விருந்தாளி. அரை நாளுக்கு ஏற்றதைத்தான் அவன் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கட்டுப்பாடுள்ள நாடுகளில் கப்பல் பயணிக்குச் சலுகை கிடைப்பது புதிதில்லை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், அங்கீகாரம் பெற்ற டூரோடு போனால் 72 மணி நேரம் விசா வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் கியூபாவுக்கு வெறும் உல்லாசத்துக்காகப் போகக் கூடாது என்பது அவர்கள் நாட்டுச் சட்டம். 2016 மே மாதம் மயாமியிலிருந்து ஹவானாவுக்குக் கப்பல் போனபோது, உள்ளூர் மக்களைச் சந்திக்கிற மாதிரியான நிகழ்ச்சிகளாகக் கரைச் சுற்றுலாவை அமைக்க வேண்டியிருந்தது. 2019 ஜூனில் அதையும் நிறுத்திவிட்டார்கள். சட்டத்துக்காகச் செய்தாலும், மக்களைப் பார் என்ற நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. நமக்கு அப்படிச் சட்டம் இல்லை, நாமாக வைத்துக்கொள்ளலாம்.

சில நடைமுறை விஷயங்கள். கப்பல்காரர்களே நடத்துகிற டூர் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாக ஆட்டோ பிடித்துப் போனால் காத்திருக்காது. தனியாகப் போகிறவர்கள் திரும்பும் நேரத்தில் ஒரு மணி நேரம் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. முகாம், சிப்பாய், சோதனைச்சாவடி எதையும் படம் எடுக்காதீர்கள். ஆட்டோக்காரரிடம் "போரில் உங்கள் வீட்டில் யார் போனார்கள்?" என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்டியின் கடைசி மன்னன் விக்கிரமராஜசிங்கனை ஆங்கிலேயர் 1815இல் பிடித்து, மறு ஆண்டு நம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில் அவர் சமாதி இருக்கிறது. ஊர் திரும்ப முடியாத இலங்கைக்காரர்களை இருநூறு ஆண்டுகளாகப் பார்த்து வருகிற ஊர் நம்முடையது. இந்த விஷயத்தில் மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்குக் கொஞ்சம் கூடுதல் பொறுப்பு உண்டு என்பது என் எண்ணம்.

கப்பலுக்குப் பணம் கட்டுமுன், உங்களுக்குத் தெரிந்த முகாம்காரர் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள்: "உங்கள் ஊர்ப் பக்கம் போகிறேன், எதைப் பார்த்துவிட்டு வரட்டும்?" அவர் சொல்கிற இடம் எந்த டூர் பட்டியலிலும் இருக்காது. வழியில் இருந்தால் அங்கேயும் ஒரு நிமிடம் நின்று, ஒரு படம் எடுத்து வந்து அவரிடம் காட்டுங்கள்.