புதன்கிழமை மலை

ரிட்டயர் ஆன மறுநாள் என்ன செய்வதாக உத்தேசம்? இருபத்தெட்டு வயதில் இது அபத்தமான கேள்விதான். ஆனால் பி.காம். படித்தவனுக்கு தேய்மானம் என்கிற சமாசாரம் சீக்கிரமே மண்டையில் ஏறிவிடுகிறது. ஆபீஸ் மேஜை நாற்காலிக்கே வருஷா வருஷம் கழிக்கிறோம். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் முழங்காலுக்கு யார் கழிப்பது?

ஸ்பெயின்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். வார நாளில், காலையில், மாட்ரிட்டிலிருந்து செர்செதியா போகும் லோக்கல் ரயிலில் ஏறிப் பாருங்கள். பாதிப் பெட்டி நரைத்த தலைகள். எல்லார் கையிலும் ஊன்றுகோல், அதுவும் ஆளுக்கு இரண்டு. ஐயோ பாவம், ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று எழுந்து இடம் கொடுத்துவிடாதீர்கள். மலை ஏறப் போகிறார்கள்.

மாட்ரிட்டுக்கு வடக்கே குவாதர்ராமா என்று ஒரு மலைத்தொடர். உச்சி 2,428 மீட்டர். 2013-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ரயில் நேரே அடிவாரத்தில் கொண்டுவிடும். மாட்ரிட் குமாஸ்தாவுக்கு மலை என்பது எல்.டி.ஸி. போட்டு, குடும்பத்தோடு போய், போட்டோ பிடித்துத் திரும்பும் சமாசாரம் இல்லை. மார்க்கெட்டுக்குப் போவது மாதிரி.

சித்தி பையன் வேலை நிமித்தம் மாட்ரிட்டில் இருந்தபோது பத்து நாள் அவன் வீட்டில் டேரா போட்டிருந்தேன். எதிர் ஃப்ளாட்டில் ஒரு பெரியவர். எழுபத்திரண்டு வயது. முப்பத்தைந்து வருஷம் பாங்க் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவர். பாதி இங்கிலீஷ், மீதி கையால் பேசுவார். நான் காமர்ஸ் என்று தெரிந்ததும் தூரத்து உறவாகிவிட்டார். "புதன்கிழமை என்னோட மலைக்கு வாப்பா" என்றார்.

முதல் நாள் ராத்திரி பை கட்டும் படலம். பாங்க்காரர் ஆயிற்றே, ஒவ்வொரு சாமானையும் வவுச்சர் பார்ப்பது போலப் பார்த்து உள்ளே அனுப்பினார்.

பூட்ஸ். இதற்கு அவர் சொல்லும் பெயர் 'சிருக்கா'. ஒரு கம்பெனியின் பெயர்தான். நாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அந்த மாதிரி அந்தத் தலைமுறைக்கு மலை பூட்ஸ் எல்லாமே சிருக்கா. மழைக்கு ஒரு பெரிய அங்கி; முதுகுப் பையையும் சேர்த்து மூடும். போட்டுக்கொண்டால் மனுஷன் ஒட்டகம் மாதிரி இருப்பார். முள்ளோ முடியோ கையாலேயே எடுக்கலாம் என்கிற அளவுக்குத் துல்லியமாக, 1:25,000 அளவில் காகித வரைபடம். ஒரு சென்டிமீட்டருக்கு 250 மீட்டர். "போன் இருக்கே?" என்றேன். "குளிரில் பாட்டரி சாகும். காகிதம் சாகாது."

வெள்ளி நிறத்தில் ஜிகினாத் தாள் போல ஒரு அவசரப் போர்வை. பகல் நடைக்கும் தலையில் மாட்டும் டார்ச். ஒரு விசில். ஆபத்து என்றால் ஒரு நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊத வேண்டும். அப்புறம் ஒரு நிமிஷம் ஓய்வு. மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று தடவை கேட்டால் பிழைத்தோம். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் ஏற்படுத்திய கணக்கு.

அலமாரியில் நீல டப்பா காஸ் அடுப்பு ஒன்றும் இருந்தது. பழைய மாடல். டப்பாவைக் குத்தித் திறந்து மாட்டிவிட்டால் காஸ் தீரும்வரை கழற்றக் கூடாது. சீட்டுக் கம்பெனி மாதிரி. ஆனால் அது வரவில்லை. கோடையில் காட்டில் நெருப்புக்குத் தடை. எனவே காப்பி ஃப்ளாஸ்க்கில். சாப்பாடு? உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடையை ரொட்டிக்குள் திணித்து ஒரு பொட்டலம். கூடவே 'போத்தா' என்று ஆட்டுத்தோல் பை. உள்ளே என்ன என்று கேட்காதீர்கள். தண்ணீர் இல்லை.

டென்ட்டைப் பற்றிக் கேட்டேன். அது ஆகஸ்ட் மாதத்துக்கு, பிரனீஸ் மலைக்கு. ஸ்பெயினில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. மாகாணத்துக்கு ஒரு சட்டம். தேசியப் பூங்கா என்றால் இன்னும் கெடுபிடி. 'விவாக்' என்று ஒரு சலுகை மட்டும் பல இடங்களில் உண்டு. அந்தியில் படுத்து விடியலில் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அவரிடம் இருப்பது இரண்டு கம்பி வைத்த பழைய டென்ட். பேரன் புது மாடல் வாங்கித் தந்திருக்கிறான். வீசி எறிந்தால் இரண்டே செகண்டில் தானாக விரியும். மடிப்பதற்குத்தான் குடும்பமே லீவ் போட வேண்டியிருக்கிறதாம்! தூங்கும் பை வாத்துத் தூவி அடைத்தது. லேசு, கதகதப்பு. ஆனால் நனைந்தால் சூடு போச்சு. அதனால் இரண்டு பாலிதீன் கவருக்குள் வைத்திருந்தார், லாக்கர் நகை மாதிரி.

*

பாதையில் பெயின்ட் அடையாளங்கள். வெள்ளை-சிவப்பு கோடு என்றால் நெடுந்தூரப் பாதை. வெள்ளை-மஞ்சள் நடுத்தரம். வெள்ளை-பச்சை சின்னது. பெருக்கல் குறி போட்டிருந்தால், "தம்பி, இந்தப் பக்கம் இல்லை" என்று அர்த்தம்.

எவ்வளவு நேரமாகும் என்பதற்கும் கணக்கு உண்டு. சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர். ஏற்றத்தில் மணிக்கு 400 மீட்டர் உயரம். இறக்கத்தில் 600. தூரத்துக்கு ஒரு நேரம், உயரத்துக்கு ஒரு நேரம் தனித்தனியாகப் போட்டு, பெரியதை முழுசாக எடுத்துக்கொண்டு சின்னதில் பாதியைக் கூட்ட வேண்டும். 8 கிலோமீட்டர் நடை, 600 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி, ஒன்றரை மணி. ஆக 2 மணி 45 நிமிஷம். உட்காருவது, மூச்சு வாங்குவது, போத்தாவைத் தூக்குவது எல்லாம் தனி.

பைன் மரக் காட்டில் ஃபுவென்ஃப்ரீயா கணவாய் வரை ஏறி, அங்கிருந்து சியெத்தே பீக்கோஸ் நோக்கித் திரும்பினோம். ஏழு சிகரங்கள் என்று அர்த்தம். 2,138 மீட்டர். பெரியவர் வேகமே காட்டவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. நான் ஓடி ஓடி நின்றேன். அவர் நடந்து நடந்து என்னைத் தாண்டினார்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். உச்சிப் பாறைகள் கண்ணுக்கு எதிரே. இருபது நிமிஷ ஏற்றம். மேற்கே ஒரு மேகம் காலிஃபிளவர் மாதிரி மேல்நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சட்டென்று திரும்பி இறங்க ஆரம்பித்துவிட்டார்.

"ஸார், இன்னும் இருபதே நிமிஷம்!"

"ஏறுவதற்கு. அப்புறம் இறங்க வேண்டாமா?"

"நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன் ஸார்..."

"இடிக்குத் தெரியாது" என்றார். "பாங்க் மூடியாச்சு. அடுத்த புதன்கிழமை திறக்கும்."

எனக்கு எரிச்சல்தான். அடுத்த புதன்கிழமை நான் ஊர் திரும்பியிருப்பேனே! ஆனாலும் பின்னாலேயே இறங்கினேன். காட்டுக்குள் நன்றாக இறங்கிய பிறகு முதல் இடி. அரை மணியில் ஆலங்கட்டி. நாங்கள் நின்ற முகட்டில் அந்த நேரத்தில் நின்றிருந்தால், சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் நான்தான். 112-க்கு போன் போட்டால் கார்டியா சிவில் போலீஸின் மலை மீட்புப் படை வரும். ஆனால் மின்னலில் ஹெலிகாப்டரும் காத்திருக்கத்தான் வேண்டும். சில மாகாணங்களில், அசட்டுத்தனமாக மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவுக்கு பில்லும் வரும்.

*

திரும்பி வருகிறவர்களைக் கோழை என்று நினைக்கிற ஆசாமியா நீங்கள்? கார்லோஸ் சோரியாவைக் கேளுங்கள். 1939-ல் ஆவிலாவில் பிறந்தவர். மாட்ரிட்டில் ஸோபா, நாற்காலிகளுக்கு உறை தைத்துப் பிழைத்தவர். வேலை நேரம் போக மலை. முதல் எட்டாயிரம் மீட்டர் சிகரமான நங்க பர்வதத்தில் ஏறும்போது வயது 51. எவரெஸ்ட், 62. கே-2, 65. அன்னபூர்ணா, 77. எட்டாயிரம் மீட்டருக்கு மேல் உலகில் இருக்கும் 14 சிகரங்களில் 12 அவர் கணக்கில். பெரும்பாலானவை அறுபதுக்கு மேல், அதாவது நாம் பென்ஷன் பேப்பருக்கு அலையும் வயதில்.

ஆனால் தவுலகிரி மட்டும் அகப்படவில்லை. பத்து தடவைக்கு மேல் போய், திரும்பி, மறுபடி போய்... 2023-ல், 84 வயதில், ஏறத்தாழ 7,700 மீட்டர் உயரத்தில் கால் முறிந்து, இழுத்துத்தான் கீழே கொண்டுவந்தார்கள். அதோடு விட்டாரா? 2025-ல், 86 வயதில் மனஸ்லு உச்சியில் நின்றார். இத்தனைக்கும் அவர் பயிற்சி எடுப்பது நம்ம பெரியவரின் அதே குவாதர்ராமா மலையில்தான்.

ரயிலில் பெரியவர் ஒரு நோட்டை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். அசல் கணக்குப் புத்தகம். நடுவில் கோடு. இடது பக்கம் ஏறிய உச்சிகள், வலது பக்கம் பாதியில் திரும்பிய நாள்கள், காரணத்துடன். மழை. மூட்டம். பேத்திக்கு ஜுரம். முழங்கால். இன்றைய தேதியில் 'மேகம்' என்று மட்டும் எழுதினார்.

வலது பக்கம் கொஞ்சம் நீளமாகவே இருந்தது.

"ஸார், டேலி ஆகவில்லையே?" என்றேன். "வித்தியாசத்தை எதில் காட்டுவீர்கள்?"

பெரியவர் பேனாவை மூடி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.