முள்ளை முள்ளால் எடுக்கும் பிள்ளைகள்!

செல்போனை வைத்தே புத்தகத்துக்கு ஆள் சேர்க்கும் அமெரிக்க நூல் நிலையங்கள்

பிள்ளை புத்தகத்தைத் தொட மாட்டேன் என்கிறது. செல்போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறது.

இந்தப் புலம்பல் எல்லா நாட்டுத் தாய்மாருக்கும் பொது. அமெரிக்காவிலோ இது சர்க்கார் கணக்கிலேயே ஏறிவிட்டது.

அங்கே 13 வயதுப் பிள்ளைகளிடம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கார் ஒரு கேள்வி கேட்கிறது. பாடத்துக்காக அல்லாமல், சொந்த ஆசைக்காகப் படிப்பது உண்டா என்பதே கேள்வி.

1984-ம் ஆண்டில், 100 பேரில் 35 பேர், அநேகமாகத் தினமும் படிப்பதாகச் சொன்னார்கள். 2012-ல் இது 27 ஆகக் குறைந்தது. 2023-ல் வெறும் 14!

படிப்பதே இல்லை, அல்லது எப்போதோ ஒரு நாள் என்று சொன்னவர்கள், 1984-ல் 100-க்கு 8 பேர். 2023-ல் 31 பேர்.

குற்றம் முழுவதும் செல்போனுடையது என்று சொல்ல முடியாது. 1984-க்கும் 2012-க்கும் நடுவிலேயே சரிவு தொடங்கிவிட்டது. ஆனால், அதற்குப் பிறகு சரிவு வேகமாகிவிட்டது. இதையும் மறுக்க முடியாது.

விடுமுறையில் திறக்கும் பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் கோடை என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்டு. பள்ளிக்கூடம் மூடிவிடும். அப்போதுதான் நூல் நிலையங்களில் கூட்டம் கூடும்.

பிள்ளைகள் பெயர் பதிவு செய்துகொள்வார்கள். படித்த புத்தகங்களைக் கணக்கு எழுதுவார்கள். இத்தனை படித்தால் இன்ன பரிசு என்று உண்டு. கட்டணம் கிடையாது.

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1897-ம் ஆண்டிலேயே, கிளீவ்லாந்து நகர நூல் நிலையத்தில், லிண்டா ஈஸ்ட்மன் என்ற அம்மையார் சிறுவர்களுக்காக ஒரு சங்கம் வைத்தார். புத்தகத்தை அழுக்காக்காமல் படிப்பது எப்படி என்பதும் அங்கே பாடம்!

1987-ல், மினசோட்டா மாநிலத்தில் பத்து வட்டார நூல் நிலைய அமைப்புகள் ஒன்று சேர்ந்தன. ஆளுக்கொரு சுவரொட்டி அச்சடிப்பானேன்? எல்லோருக்கும் ஒரே தலைப்பு, ஒரே படம் என்று முடிவு செய்தன. இந்தக் கூட்டுறவில் பிறகு பல மாநிலங்கள் சேர்ந்தன. ஆண்டுக்கு ஒரு தலைப்பு கொடுப்பார்கள்.

சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தாள். 13, 14 வயது ஆனவர்கள்தான் வரவில்லை. அந்த வயதில் அம்மா சொன்னால் அதுவே போகாமல் இருக்கக் காரணமாகிவிடும்.

ஒன்றரை நிமிடச் சினிமா

2011-ம் ஆண்டில், அந்தக் கூட்டுறவு அமைப்பு ஒரு போட்டி வைத்தது. "நூல் நிலையத்துக்கு வாருங்கள் என்று நீங்களே படம் எடுத்துக் காட்டுங்கள்" என்று வாலிபப் பிள்ளைகளைக் கேட்டது.

பெரிய சினிமா அல்ல. ஒரு நிமிடம். மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். மாநிலத்துக்கு ஒரு படம் தேர்வானது. எடுத்தவர்களுக்குப் பரிசு. அவர்களுடைய நூல் நிலையத்துக்கும் ஒரு பரிசு. அந்தப் படமே கோடை முழுவதும் விளம்பரமாக ஓடியது.

முதல் ஆண்டுத் தலைப்பு, "இதோ நீ இங்கே". 2012-ல், "இரவு உனக்கே சொந்தம்". 2015-ல், "முகமூடியைக் கழற்று!" இளவட்டங்களை இழுக்கிற தலைப்புகள்தான்.

இப்படி ஒரு படம் எடுப்பதற்கு என்ன வேண்டும்? நாலு பேர், ஒரு செல்போன். கேட்பதற்குச் சுலபம். இறங்கிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

உதாரணமாக, ஒரு பையன் புத்தகத்தைத் திறக்கிறான், உடனே கடலில் விழுகிறான் என்று கதை வைத்துக்கொள்வோம். கடலுக்கு எங்கே போவது? நீலத் துணியை இரண்டு பேர் பிடித்து ஆட்ட வேண்டும். நூல் நிலையத்தில் சத்தம் போடக்கூடாது. ஆகவே மூடும் நேரத்தில்தான் படம் பிடிக்க வேண்டும். புத்தக அலமாரிக்கு நடுவே வெளிச்சம் போதாது. குரல் சரியாகக் கேட்காது.

பின்னணிக்குப் பிரபல சினிமாப் பாட்டைப் போடலாம் என்றால், சட்டம் குறுக்கே நிற்கும். பாட்டுக்கு உரிமை உண்டு. அனுமதி இல்லாமல் போடக்கூடாது. ஆகவே, கிடார் வாசிக்கத் தெரிந்த பையனைத் தேட வேண்டும். புத்தகத்தின் அட்டைப் படத்தைக் காட்டுவதிலும் இதே சிக்கல்.

அடுத்தது, பெற்றோர் கையெழுத்து. வயது வராத பிள்ளையின் முகம் ஊர் முழுவதும் தெரியப் போகிறது. தாய் தந்தை சம்மதிக்க வேண்டாமா? 13 வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றிய விவரங்களை, பெற்றோர் அனுமதி இல்லாமல் இன்டர்நெட்டில் வாங்கக்கூடாது என்று, 1998-லேயே அமெரிக்காவில் சட்டம் வந்துவிட்டது.

இவ்வளவும் தாண்டி, படம் ஒரு நிமிடம் ஓடும்!

யாருக்கு லாபம்?

நூல் நிலையத்துப் பெரியவர்கள் விளம்பரம் எழுதினால், அதில் உபதேச வாடை வீசும். இளைஞர் பாஷையில் எழுதப் பார்த்தால் இன்னும் மோசம். அது போன வருஷத்துப் பாஷையாக இருக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். பக்கத்து வகுப்புப் பையன் சொன்னால் பேச்சே வேறு. அவன் அசடு வழிந்தாலும் பார்ப்பார்கள்.

ஆனாலும், படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி மகிழ்வதில் அர்த்தம் இல்லை. பார்த்தவன் எல்லாம் படிக்க வருவதில்லை. படம் எடுத்தவனுக்கு வந்த லாபம்தான் கண்கூடு. ஒரு புத்தகத்தை ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டுமானால், அதை முழுவதும் படிக்காமல் முடியாது. எதை விடுவது, எதைச் சொல்வது என்று மூளையைக் கசக்க வேண்டும். அந்த நாலு பேரும் நூல் நிலையத்தில் பல நாள் மாலை உட்கார்ந்திருக்கிறார்கள். விளம்பரம் யாரைப் பிடித்ததோ இல்லையோ, அவர்களைப் பிடித்துவிட்டது.

கோடை மறதி

கோடைப் படிப்புக்கு இத்தனை பாடு எதற்கு?

பார்பரா ஹெயின்ஸ் என்ற பேராசிரியை, அட்லாண்டா நகரப் பிள்ளைகளை ஆராய்ந்து, 1978-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கோடையில் அதிகம் புத்தகம் படித்த பிள்ளைகள் படிப்பில் முன்னேறியதை அதில் காட்டினார். நூல் நிலையம் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும் முக்கியம் என்று தெரிந்தது.

லீவில் ஏழைப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள், வசதியுள்ள பிள்ளைகள் முன்னேறுகிறார்கள் என்று, பால்டிமோர் நகரில் நடந்த ஆராய்ச்சியும் சொன்னது. இதை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. சில பரீட்சைகளில் இந்த மறதி தெரிகிறது, வேறு பரீட்சைகளில் தெரியவில்லை என்று, பால் வான் ஹிப்பல் என்ற ஆராய்ச்சியாளர் 2019-ல் எழுதினார்.

ஆனால் 2010-ல் வெளியான புளோரிடா ஆராய்ச்சி, காரியத்தை நேராகவே செய்து பார்த்தது. ஆலிங்டன் என்பவரும் மெக்கில்-பிரான்சன் என்பவரும் அதை நடத்தினார்கள். 852 ஏழைப் பிள்ளைகளுக்கு, கோடைக்கு 12 புத்தகம் வீதம், மூன்று கோடைகளுக்குக் கொடுத்தார்கள். புத்தகங்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். புத்தகம் பெறாத 478 பிள்ளைகளை விட இவர்கள் நன்றாகப் படித்தார்கள்.

"பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள்" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. படப் போட்டியின் சூட்சுமமும் அதுதான். யாரும் திணிக்கவில்லை.

கதவு திறந்திருக்குமா?

படத்தைப் பார்த்து ஒருவன் கிளம்பிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே கட்டடம் பூட்டியிருந்தால்?

2025-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி, ஜனாதிபதி டிரம்ப் ஒரு உத்தரவு போட்டார். நூல் நிலையங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் மத்திய சர்க்கார் பணம் வழங்கும் இலாகாவை, சட்டம் இடம் தரும் அளவுக்குச் சுருக்கச் சொன்னது அந்த உத்தரவு. ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சில மாநிலங்களுக்கு வரவேண்டிய பணம் நின்றது. மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போயின. நவம்பரில், ரோட் ஐலண்டு கோர்ட்டு இந்த நடவடிக்கை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு மானியம் முழுவதும் திரும்பியது.

ஒரு கோடை முழுவதும் நூல் நிலையங்கள் நிச்சயம் இல்லாமல் தவித்தன.

பூட்டாத கதவிலும் ஒரு தடை இருந்தது. அதுதான் அபராதம். புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பினால் பணம் கட்ட வேண்டும். பாக்கி சேர்ந்தால் அட்டையை முடக்கிவிடுவார்கள். இதற்குப் பயந்தே பல பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதை விட்டார்கள். எத்தனை அழகான படம் காட்டினாலும், பாக்கி வைத்தவன் வருவானா?

2019-ம் ஆண்டு அக்டோபரில், சிக்காகோ நகரம் அபராதத்தை ஒழித்தது. பழைய பாக்கியையும் தள்ளுபடி செய்தது. நியூயார்க் நகரம் 2021-ல் அதே வழியில் போனது. சிக்காகோவில் சில வாரங்களுக்குள்ளேயே, எப்போதோ எடுத்துப் போன புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள்.