முணுமுணுக்கும் பிள்ளையை அதட்டாதீர்!

ஆசிரியப் பணிக்கு அணியமாகிக் கொண்டிருக்கும் இளைஞர் எவரையேனும் நிறுத்தி, பியாசே என்பவர் கூறியது என்ன என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் விடை வரும். பிறப்பு முதல் 2 அகவை வரை தொட்டுணரும் நிலை. 2 முதல் 7 வரை செயலுக்கு முந்தைய நிலை. 7 முதல் 11 வரை கண்கூடான பொருள்களைக் கொண்டு எண்ணும் நிலை. அதற்குமேல் முறைப்பட எண்ணும் நிலை. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டத்தையொட்டி எழுந்து, தமிழ்நாட்டில் 2012-இல் முதன்முறையாக நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில், 150 வினாக்களுள் 30 வினாக்கள் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் தரப்பெற்றிருக்கும். சரியானதைப் பொறுக்கிக் காட்டவேண்டும். அந்த 30 மதிப்பெண்களுக்காகவே பியாசே படிக்கப்பெறுகிறார். பணி கிடைத்த மறுநாளே மறக்கவும்படுகிறார்.

இதிலுள்ள முரண் நகைப்புக்குரியது. சுவிட்சர்லாந்தில் 1896-இல் பிறந்து, நத்தையினங்களை ஆய்ந்து உயிரியல் அறிஞராக வளர்ந்த பியாசே குழந்தைகளின் பக்கம் திரும்பியது எவ்வாறு? 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாரிசு நகரில், பள்ளிப் பிள்ளைகளின் அறிவை அளக்கும் வினாத்தொகுதி ஒன்றைச் செப்பஞ்செய்யும் வேலை அவருக்குத் தரப்பெற்றது. எத்தனை பிள்ளைகள் சரியாகக் கூறினர் என்று எண்ணிக் கொண்டிருப்பது அவருக்குச் சலிப்பூட்டிற்று. ஒத்த அகவைப் பிள்ளைகள் ஒத்த வகையிலேயே பிழை செய்வதன் கரணியம் யாது என்பதே அவரை ஈர்த்தது. பிழைவிடையிலிருந்து பிறந்த ஒரு கோட்பாட்டை, சரிவிடையைப் பொறுக்கும் பயிற்சியாக நாம் ஆக்கி வைத்திருக்கிறோம்!

பியாசே பிறந்த அதே 1896-இல், இன்றைய பெலாருசு நாட்டின் ஓர்சா நகரில் பிறந்தவர் வைகோத்சுகி. கோமெல் நகரத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வருங்கால ஆசிரியர்க்கு உளவியல் கற்பித்தவர் இவர். இவ்விருவரும் கருத்து மாறுபட்ட இடம், நம் வகுப்பறைகளில் நாள்தோறும் நிகழும் ஒரு சிறு செயலைப் பற்றியது. சிறு பிள்ளை விளையாடும்போதோ படம் வரையும்போதோ யாரையும் நோக்காமல் தனக்குத்தானே பேசிக் கொள்கிறதன்றோ? பிறர் நோக்கில் நின்று பார்க்கும் ஆற்றல் பிள்ளைக்கு இன்னும் வாய்க்காததன் அடையாளம் அப்பேச்சு என்றும், அவ்வாற்றல் வளர வளர அது தேய்ந்து மறையும் என்றும் பியாசே 1923-இல் எழுதினார். வைகோத்சுகி அதனை ஏற்கவில்லை. பிள்ளை படம் வரையத் தொடங்கும் வேளையில், வேண்டிய கரிக்கோலோ தாளோ அகப்படாதபடி செய்து பார்த்தார். உடனே தன்பேச்சு ஏறத்தாழ இருமடங்காயிற்று! நீலக் கோல் இல்லையே, சிவப்பை நீரில் நனைத்துத் தீட்டினால் அதுபோல் தோன்றுமே என்று பிள்ளை தனக்கே வழி சொல்லிக் கொண்டது. சிக்கலை அவிழ்க்கும் கருவி அப்பேச்சு. அது தேய்வதில்லை, உள்ளே போகிறது, போய் எண்ணமாகிறது என்பது அவர் முடிபு.

என்புருக்கி நோய் அவரை 1934-இல், 37-ஆம் அகவையிலேயே கொண்டு சென்றது. அவ்வாண்டே வெளிவந்த அவர் நூல், 1936-இல் சோவியத்து அரசு குழந்தையியலையே ஒடுக்கியபோது முடங்கி, 1956-இல்தான் மீண்டும் அச்சேறிற்று. (அரசின் கை நூலின் கழுத்தை நெரிப்பது எந்த நாட்டார்க்கும் புதிதன்று.) 1962-இல் பியாசே அவர் கருத்துரையைப் படித்து, உள்பேச்சின் தொடக்கம் அங்குளது என்பதை உடன்பட்டு எழுதினார். எதிர்க் கருத்தாளர் மறைந்த 28 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒப்புக்கொள்ளும் நேர்மை அவர்க்கு இருந்தது.

பியாசேயின் ஆய்வுகளையே மீண்டும் செய்து பார்த்தவர்களும் உளர். ஒத்த எண்ணிக்கையுள்ள இரு வரிசைச் சில்லுகளை வைத்து, ஒரு வரிசையை மட்டும் பெரியவர் அகலப் பரப்பிவிட்டு, 'இப்போது எதில் மிகுதி?' என்று மறுபடியும் கேட்டால், 5 அகவைப் பிள்ளைகள் பலர் நீண்ட வரிசையைக் காட்டுவர். எடின்பரோவில் மெக்காரிகிள், தொனால்துசன் என்னும் இருவர் 1974-இல் ஒரு குறும்புக் கரடிப் பொம்மையைக் கொண்டு அந்த வரிசையைக் கலைக்கச் செய்து, அதே வினாவைக் கேட்டனர். சரியாகக் கூறிய பிள்ளைகள் பெருகினர். பெரியவர் தாமே ஒன்றை மாற்றிவிட்டு மறுபடியும் கேட்டால் வேறு விடையைத்தானே வேண்டுகிறார் என்று பிள்ளை கருதுகிறது. கரடி கலைத்தால் அவ்வாறு கருத வேண்டுவதில்லை. பிள்ளை சில்லுகளை மட்டும் பார்க்கவில்லை. வினவுவார் உள்ளத்தையும் பார்க்கிறது. 'இவன் இன்னும் அந்நிலைக்கு வரவில்லை' என்று ஏழைக் குடிப் பிள்ளையின் நெற்றியில் எளிதாக ஒட்டிவிடும் ஆசிரியர், தம் வினா அவனுக்கு எவ்வாறு கேட்டது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். கையைக் கட்டு, வாயில் விரல் வை! இதுவே ஒழுங்கு. பதின்மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்கும் சிறுமி 'பன்னெண்டு, பதினொண்ணு' என்று விரல் மடக்கி முணுமுணுத்தால், 'உள்ளுக்குள் போடு' என்று அதட்டல். உள்ளுக்குள் போகவேண்டிய பேச்சு வெளியில் பிறக்கும் முன்பே நசுக்கப்பெற்றால் எதுதான் உள்ளே போகும்?

ஆங்கில வழி வகுப்பில் அமர்த்தப்பெற்ற தமிழ்ப் பிள்ளையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தமிழ் பேசினால் தண்டம் பெறும் பள்ளிகளும் இருக்கின்றன. அப்பிள்ளைக்கு முணுமுணுக்கவும் மொழியில்லை. எண்ணத்துக்கான கருவியை வாயிலிலேயே பறித்துக்கொண்டு கணக்கைப் போடு என்கிறார்கள். அயல்மொழி கற்பதுங்கூடத் தாய்மொழியில் விளைந்த பொருளுணர்வின்மேல் நின்றே நடைபெறுகிறது என்று வைகோத்சுகி அன்றே எழுதினார். கல்வியுரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. அந்த 'இயன்றவரை'க்குள் எல்லாரும் புகுந்து தப்பிக்கிறார்கள்.

நம் உணர்வாளர்க்கும் ஒன்று சொல்லியாக வேண்டும், கசந்தாலும் பொறுத்தருள்க. அச்சிறுமி 'பதினொண்ணு' என்று எண்ணிக் கொண்டிருக்கும்போது 'பதினொன்று' என்று இடைமறித்துத் திருத்தும் நம் தமிழாசிரியரும் அதட்டுகின்றவரே. அவள் கணக்கை முடிக்கட்டும். வீட்டுத் தமிழில் எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு நல்ல தமிழ் நாளை எளிதில் வரும்.

தகுதித் தேர்வில் அந்த 30 வினாக்களையும் நீக்குக என்று கேட்கவில்லை. பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் ஒரு திங்கள் காலம், ஒரே பிள்ளையின் அருகில் அமர்ந்து, அதன் பிழைவிடைகளையும் முணுமுணுப்பையும் அது சொன்னபடியே, எதனையும் திருத்தாமல், ஏட்டில் எழுதிவர வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அந்த ஏட்டைப் பயிற்றுநர் சிவப்பு மை தொடாமல் இறுதிவரை படித்தல் வேண்டும்.