கம்பெனியா, ஷெட்டா? முதலில் பில்லைப் படியுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படித்து முடித்துக் கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். படிக்காமல் கோபப்பட்டால் பதில் கிடையாது.

நம் குடும்பக் குழுவில் போன வாரம் கார் சர்வீஸ் பற்றிப் பேச்சு வந்தது. "கார்னா கம்பெனியிலதான் விடணும், வெளியில விட்டா வண்டி போச்சு" என்று ஒருவர் எழுத, பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். அந்தப் பதினோரு பேரில் ஏழு பேர் கார் வாங்கி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. பிறகும் ஏன் இவ்வளவு விசுவாசம் என்று கேட்டேன். ஒருவரிடமும் கணக்கு இல்லை. பயம்தான் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு வருடா வருடம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று பார்க்கலாம்.

என் அக்கா மகனிடம் ஆறு வருடமான சின்ன பெட்ரோல் கார் இருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்த எஸ்டிமேட்டை எனக்கு அனுப்பி, "மாமா, இது சரியா?" என்று கேட்டான். மொத்தம் 15,300 ரூபாய். முப்பத்து மூன்று வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். விடையை மட்டும் பார்த்து மார்க் போட மாட்டேன், ஸ்டெப் பார்ப்பேன் என்பது உங்களுக்கே தெரியும். அந்த எஸ்டிமேட்டை மூன்றாகப் பிரித்தேன்.

ஒன்று, தேவையான பொருள்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், கூலண்ட், முன் சக்கரத்து பிரேக் பேடு. இவை 6,300 ரூபாய்.

இரண்டு, லேபர். 2,900 ரூபாய்.

மூன்று, இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமி நீக்கம், எலி வராமலிருக்க ஒரு ஸ்பிரே, உள்ளும் வெளியும் பாலிஷ். இவை 6,100 ரூபாய்.

இதே பட்டியலை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் ஷெட் ஒன்றுக்கு அவனை அனுப்பினேன். பொருள்கள் 5,200, கூலி 1,300, மொத்தம் 6,500 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது பட்டியலைக் காட்டியதற்கு, "வண்டி மிஸ் ஆகல, பிக்அப் குறையல, மைலேஜும் சரியா இருக்கு. இப்ப எதுக்குங்க இதெல்லாம்?" என்று மெக்கானிக் கேட்டிருக்கிறார். வித்தியாசம் 8,800 ரூபாய்.

உடனே "ஷெட்தான் சீப்" என்று முடிவு கட்டாதீர்கள். கணக்கை இன்னொரு முறை பாருங்கள். அந்த 8,800 ரூபாயில் 6,100 ரூபாய் மூன்றாவது பட்டியலின் பணம். அதை மிச்சப்படுத்த இடத்தை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே நின்று "இந்த ஐந்தும் வேண்டாம்" என்று சொன்னால் போதும். இடம் மாறியதால் கிடைத்தது மீதி 2,700 ரூபாய்தான். கேள்வி கேட்டதன் லாபம், ஷெட்டுக்குப் போனதன் லாபத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

ஆகவே முதல் பாடம் இது. மொத்தத்தோடு மொத்தத்தை ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு வரியையும் அதே வரியோடு ஒப்பிடுங்கள். இங்கே ஆறு பொருள், அங்கே நான்கு பொருள் என்றால் மலிவு எது என்று எப்படிச் சொல்வீர்கள்?

எது தேவை, எது தேவையில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கார் வாங்கிய அன்று ஒரு புத்தகம் கொடுத்தார்களே, டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறதே, அதில் இருக்கிறது. எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு எதை மாற்ற வேண்டும், எதைப் பரிசோதித்தால் மட்டும் போதும் என்று அட்டவணையே போட்டிருப்பார்கள். வண்டியைச் செய்தவனே எழுதியது. சர்வீஸ் அட்வைசர் சொல்லும் வேலை அந்த அட்டவணையில் இல்லையென்றால், "என்ன கோளாறு கண்டீர்கள், எனக்குக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கோளாறு இருந்தால் செய்யட்டும். எல்லா வண்டிக்கும் செய்கிறோம் என்பது பதில் ஆகாது.

அடுத்தது வாரண்டி பயம். "வெளியில ஒரு தடவை விட்டாலும் வாரண்டி போயிடும்" என்று ஒரு வாக்கியத்தை வேதவாக்காக வைத்திருக்கிறீர்கள். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி செய்து போட்டியைக் கெடுத்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வெளியில் வேலை பார்த்தால் வாரண்டி மொத்தமும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவில் சொன்னார்கள். கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை, மேல்முறையீடு செய்தன. அபராதத்தை எந்த விற்பனையை வைத்துக் கணக்கிடுவது என்பதை 2016-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மாற்றியது. வழக்கு அதோடும் நிற்கவில்லை. ஆனாலும் வெளி மெக்கானிக்கின் கையைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள் என்று ஒரு அரசு அமைப்பே விசாரித்துச் சொன்ன பிறகும், "வெளியில ஆளுங்களுக்கு வேலை தெரியாது" என்று நாம் பேசிக்கொண்டிருப்பது நியாயமா?

இதனால் வாரண்டி காலத்திலேயே வெளியே போங்கள் என்று சொல்ல வரவில்லை. வாரண்டி இருக்கும்வரை கம்பெனியிலேயே விடுங்கள். நாளை பெரிய செலவு வந்தால் அவர்களோடு வழக்காடும் தெம்பும் நேரமும் நம்மில் பலருக்குக் கிடையாது. அப்போதும் மூன்றாவது பட்டியலை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. இலவச சர்வீஸ் என்றால் பொதுவாகக் கூலி மட்டும்தான் இலவசம், ஆயிலும் ஃபில்டரும் நம் காசு என்பதையும் மறக்காதீர்கள். வாரண்டி முடிந்த மறுநாளிலிருந்து, இரண்டு இடத்தில் விலை கேட்காமல் வண்டியை விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

"ஒரிஜினல் பார்ட்ஸ் கம்பெனியிலதான் கிடைக்கும்" என்பது அடுத்த மூடநம்பிக்கை. கார் கம்பெனி எல்லா பாகத்தையும் தானே செய்வதில்லை. பிரேக், கிளட்ச், ஃபில்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரி, பல்பு எல்லாம் வேறு வேறு தொழிற்சாலைகளில் செய்து அவர்களுக்குப் போகின்றன. அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் நம் சென்னை பாடியிலும் அம்பத்தூரிலுமே இருக்கின்றன. அதே தயாரிப்பாளர்களில் பலர் தங்கள் சொந்தப் பெயர் போட்ட டப்பாவிலும் கடைக்கு அனுப்புகிறார்கள். கார் கம்பெனியின் பெயர் அச்சிட்ட டப்பாவைவிட அது பெரும்பாலும் மலிவு. சென்னைப் பிள்ளைகள் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் ஒரு நாள் நடந்து பாருங்கள், புரியும்.

நம் நாமக்கல் லாரிக்காரர்களைப் பாருங்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்கூட ஸ்பேர் தனி, கூலி தனி என்றுதான் கணக்குப் பார்ப்பார். பொருளைத் தானே கடையில் விலை கேட்டு வாங்குவார், மெக்கானிக்குக் கூலி மட்டும் கொடுப்பார். இன்ஜினியரிங் படித்த நம் பிள்ளைகள் ஏசி அறையில் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, மொத்தத்தை மட்டும் பார்த்துக் கார்டைத் தேய்த்துவிட்டு வருகிறார்கள். யார் படித்தவர்?

ஷெட்டுக்காரர்களையும் நான் சும்மா விடப்போவதில்லை. அவர்களில் என் மாணவர்களும் இருக்கிறார்கள், இதைப் படிக்கட்டும். பில் கொடுக்க மாட்டேன் என்பது, சாயங்காலம் என்று சொல்லி மூன்று நாள் இழுப்பது, டூப்ளிகேட் பாகத்தைப் போட்டு ஒரிஜினல் விலை வாங்குவது, பிடிபடாத கோளாறுக்கு ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது, இவையெல்லாம் நடக்கின்றன. வாடிக்கையாளர் கம்பெனிக்கு ஓடுவதற்கு நீங்களும் காரணம். எழுதிக் கொடுங்கள், சொன்ன நேரத்தில் கொடுங்கள். தானாக வருவார்கள்.

கம்பெனிக்கே போக வேண்டிய வேலைகளும் உண்டு. ஏர்பேக், சாஃப்ட்வேர் சம்பந்தப்பட்டவை, ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டியின் பேட்டரி. தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்தால் கட்டாயம் அங்கேதான் போக வேண்டும், அதற்குப் பணமும் வாங்க மாட்டார்கள். விபத்தில் அடிபட்ட வண்டிக்குக் கேஷ்லெஸ் வேண்டுமென்றால் இன்சூரன்ஸ்காரர் பட்டியலில் உள்ள ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில், ஃபில்டர், பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன், டிங்கரிங், பேட்டரி, டயர் போன்றவற்றை நல்ல ஷெட் தாராளமாகப் பார்க்கும். இதில்தான் நம் பணம் பெரும்பாலும் போகிறது.

இனி வீட்டுப்பாடம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. வண்டியை விடுமுன் உங்கள் புத்தகத்து அட்டவணையைப் பார்த்து, தேவையான வேலைகளை நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள்.

2. அந்த ஒரே தாளை ஒரு கம்பெனி சென்டரிலும் இரண்டு ஷெட்டிலும் காட்டி விலை கேளுங்கள். பொருள் தனி, கூலி தனி, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

3. ஆயிலுக்கு எந்த கிரேடு என்று புத்தகத்தில் இருக்கும். அதே கிரேடுக்குத்தான் விலை ஒப்பிட வேண்டும்.

4. ஷெட்டில் ஸ்கேனர் இருக்கிறதா, உங்கள் மாடல் வண்டிகள் அங்கே நிற்கின்றனவா என்று பாருங்கள். முதலில் சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். கிளட்ச் வேலையோடு ஆரம்பிக்காதீர்கள்.

5. "என்னைக் கேட்காமல் எதையும் கூடுதலாகச் செய்யக்கூடாது" என்று ஜாப் கார்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். போனில் கேட்டால் அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள். படம் அனுப்பச் சொல்லுங்கள்.

6. கழற்றிய பழைய பாகங்களையும் புதிய பாகத்தின் டப்பாவையும் டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். டப்பாவில் எம்ஆர்பி இருக்கும், பில்லோடு ஒத்துப் பாருங்கள்.

7. எங்கே செய்தாலும் பில் வாங்கி ஒரே ஃபைலில் போடுங்கள். நாளை வண்டியை விற்கும்போது அந்த ஃபைல் பேசும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். "இதெல்லாம் டெக்னிக்கல் மேடம், உங்களுக்குப் புரியாது" என்று யாராவது சொன்னால், "எங்க வாத்தியார் ஆறாவதிலேயே பட்டியல் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கிறார், எழுதுங்கள்" என்று சொல்லுங்கள்.

கடைசியாக, என் மனதில் உறுத்துவது. பெரிய வேலையை எல்லாம் கண்ணாடிக் கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நடுரோட்டில் வண்டி நின்றால் மட்டும் ஷெட்டுக்காரப் பையனுக்குப் போன் செய்கிறீர்கள். அவனும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு பைக்கில் வருகிறான். அவன் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவன், உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். ஐடிஐ முடித்து, கடன் வாங்கி ஸ்கேனர் வாங்கி, நான்கு பையன்களுக்குத் தொழில் கற்றுக் கொடுக்கிறான். பஞ்சரும் ஜம்ப் ஸ்டார்ட்டும் மட்டும் கொடுத்தால் அவன் எப்படி அந்தக் கடனை அடைப்பான், எப்படி அடுத்த மாடலைக் கற்றுக்கொள்வான்? அவனிடம் தர்மம் போல வேலை கொடுக்கச் சொல்லவில்லை. விலையாவது கேளுங்கள் என்கிறேன். கேட்டு, அவன் விலை சரியில்லை என்றால் கம்பெனிக்கே போங்கள். கேட்காமல் போவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த சர்வீஸுக்கு விடும்போது இரண்டு எஸ்டிமேட்டையும் பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மை பேனா இன்னும் என்னிடம் இருக்கிறது.

வாழ்க வளமுடன்.
உங்கள் பழைய வாத்தியார்