மருந்துக்கு முன்னே ஒரு சொல்

மதுவைப் பற்றியும் போதைப்பொருளைப் பற்றியும் எமது சமூகம் பேசாதிருக்கவில்லை. மேடைகளிற் பேசுகின்றோம், பாடசாலைகளிற் கட்டுரைப் போட்டி வைக்கின்றோம். ஆயினும் பேசுவதெல்லாம் அவற்றின் தீமை பற்றியே. தீமையில் வீழ்ந்துவிட்டவன் மீளும் வழி யாது, அவ்வழி எந்த வாயிலில் தொடங்குகின்றது என்ற வினாக்களுக்கு எமது பேச்சிலும் எழுத்திலும் விடை காண்பது அரிதாகவே இருக்கின்றது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், இத்துன்பம் தன் வீட்டினுள் நுழைந்ததும் முதலிற் செய்வது அதனை மறைப்பதேயாகும். அடுத்து அறிவுரை, அதன்பின் தலையிலடித்துச் சத்தியம், பின்னர் கோயிலில் நேர்த்தி. திருமணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான் என்ற நம்பிக்கையில் இன்னொரு பெண்ணின் வாழ்வையும் பணயம் வைப்போரும் உளர். மருத்துவரின் நினைவு வருவது எல்லாவற்றிற்கும் கடைசியில். அதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன.

இத் தாமதத்தின் வேர் எமது மொழியிலேயே இருக்கின்றது. நீரிழிவு உடையவனை நோயாளி என்கின்றோம். மதுவை விட முடியாது தவிப்பவனையோ குடிகாரன் என்கின்றோம். முன்னது ஒரு நிலையைச் சுட்டுகின்றது. பின்னது தீர்ப்பு வழங்குகின்றது. தீர்ப்புப் பெற்றவன் தண்டனையை எதிர்பார்ப்பானேயன்றி மருந்தை எதிர்பார்ப்பானா? தமிழகத்தில் 'குடிநோய்' என்ற சொல் இன்று வழங்கி வருகின்றது. அச்சொல் எமது நாவிலும் பழகவேண்டும்.

கள்ளுண்ணாமை பற்றி ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும், வெறும் அறிவுரையின் வலிமையின்மையை உணர்ந்திருந்தார். போதையிலுள்ளவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வதை, நீரினுள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவதற்கு ஒப்பிட்டார் அவர். உவமையைப் பாராட்டும் நாம் அதன் பொருளை வாழ்க்கையிற் கொள்வதில்லை.

நீண்டகாலம் பெருமளவிற் குடித்த ஒருவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றக்கூடும், உயிரும் போகக்கூடும். ஹெரோயினைச் சில காலம் விட்டிருந்தவர் பழைய அளவிலேயே மீண்டும் எடுத்தால், உடல் அதைத் தாங்காது மரணம் நேரலாம். ஆகவே, சத்தியம் வாங்கி அறையில் அடைத்து வைப்பது அன்பினாற் செய்யப்படினும் ஆபத்தான வைத்தியமே.

சரியான வைத்தியத்திற்கு வழியில்லாமலும் இல்லை. அரசாங்க வைத்தியசாலைகளின் உளநல மருத்துவப் பிரிவுகளிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். 1984இல் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி ஆகிய இடங்களிற் சிகிச்சை நிலையங்களை அமைத்தது. 1927 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அதன் ஆலோசனையைப் பெறலாம். சுமித்ராயோ அமைப்பின் 'மெல் மெதுர' கொழும்பிலேயே இருக்கின்றது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானோர் தாமாகவே சிகிச்சையை நாடவும், நீதிமன்றத்தால் அனுப்பப்படவும் வகை செய்தது.

இவற்றுள் நீதிமன்ற வழியே பலருக்கு முதல் வழியாகிவிடுகின்றது என்பதுதான் வருந்தத்தக்கது. 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியபோது ஆயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். வசதியுள்ள வீட்டின் பிள்ளையைக் கதவடைத்து மறைக்கின்றோம். வசதியற்ற வீட்டின் பிள்ளையைத் தேடிப் பொலிஸ் வருகின்றது. இருவருக்கும் மருத்துவர் எட்டாத் தொலைவிலேயே நிற்கின்றார்.

இன்னொரு தடையும் உண்டு. இந்நோயின் சிகிச்சையிற் பெரும்பகுதி பேச்சினாலாவது. நஞ்சு உடலை விட்டு நீங்க மருந்து துணை செய்யும். ஆனால் தன் வெட்கத்தையும் அச்சத்தையும் மனைவிக்கிழைத்த தீங்கையும் ஒருவன் வாய்விட்டுச் சொல்லவேண்டியது அதன் பின்னரே. அதனைத் தாய்மொழியிலன்றி வேறெம்மொழியிற் சொல்வான்? கடையிற் பொருள் வாங்கப் போதுமான சிங்களம் நெஞ்சைத் திறக்கப் போதாது. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பு 1987இலேயே கூறிவிட்டது. அந்த உரிமை பெயர்ப்பலகையோடு நின்றுவிடாது, ஆலோசகரின் நாற்காலிவரை செல்லவேண்டும்.

சென்னையில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர்தல் தகும். 1979இல் குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அடுத்த ஆண்டிலேயே அவர் பெயரால் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தாரையும் சிகிச்சையிற் சேர்த்துக்கொண்டதே அதன் சிறப்பு. மறைத்திருக்கக்கூடிய ஒரு துயரை அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதனால் எத்தனையோ குடும்பங்களுக்குக் கதவு திறந்தது.

கொழும்புத் தமிழரிடையே இப்பணியைத் தொடங்கக் கோடிப்பணம் வேண்டியதில்லை. 1942 முதல் வெள்ளவத்தையில் தமிழ் வளர்க்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும், கொட்டாஞ்சேனையின் கோயில்களும் தேவாலயங்களும், குடும்பத்தினர் கூடித் தமிழிற் பேச வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம். ஆசிரியர்கள், 'குடியாதே' என்று கூறும் அதே மூச்சில், குடித்துத் தவிப்போர் செல்லவேண்டிய இடத்தையும் கூறலாம். தந்தையின் குடியால் வகுப்பிற் சோர்ந்திருக்கும் மாணவனுக்கு அக்கூற்று பெருந்துணையாகும்.

எழுத்தாளரிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குடிகாரனைக் கோமாளியாகவோ கொடியவனாகவோ படைத்த கதைகள் எம்மிடம் போதியளவு உள. மீண்டவனின் கதை எங்கே? ஒருமுறை வழுக்கியும் மனந்தளராது மீண்டும் சிகிச்சைக்குச் சென்றவனின் கதை எங்கே? அத்தகைய கதையொன்றைப் படித்த ஒரு தாய், மறுநாட் காலை மகனின் கையைப் பற்றி, "வா ராசா, டொக்டரிட்டப் போவம்" என்று கூறுவாளாயின், இலக்கியம் தன் கடமையைச் செய்ததாகும்.