மழைக்காலத்தில் சைக்கிள்

மழை பெய்தால் சைக்கிளில் வேலைக்குப் போக முடியாதாம். சொல்வது யார்? காரில் போகிறவர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சென்னைத் தெருவில் நின்று பாருங்கள். பேப்பர் போடுகிறவர், இரவு டியூட்டி முடிந்த வாட்ச்மேன், சித்தாள் வேலைக்குப் போகிறவர் எல்லாரும் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு மிதிக்கிறார்கள். நனைந்த பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது, அதையும் சமாளித்துவிடுவார்கள். அவர்கள் பயப்படுவது மழைக்கு அல்ல, ரோட்டின் ஓரத்துக்கு.

தண்ணீர் வடிவதற்காக ரோட்டை நடுவில் மேடாக, ஓரத்தில் சரிவாகப் போடுகிறார்கள். சைக்கிளுக்கு விட்ட இடம் அந்த ஓரம்தான். சேறு, மூடியில்லாத குழி எல்லாம் அங்கேதான். நடுவே வந்தால் பின்னால் ஹாரன்.

பின்லாந்தின் ஔலு நகரத்தில் உறைபனியிலும் ஜனங்கள் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். பாதையில் பனியை வழித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் ரகசியம். நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. கொள்கை காகிதத்தில் நனையாமல் இருக்கிறது!

வடிகால் வேலையைச் சித்திரையில் தொடங்கிப் புரட்டாசிக்குள் மூடினால் என்ன? ஐப்பசியில் பள்ளம் தோண்டி, நாலு சவுக்குக் கட்டை நட்டு ரிப்பன் கட்டுகிறார்கள். அதிகாலை இருட்டில், கொட்டும் மழையில், அந்த ரிப்பன் யார் கண்ணுக்குத் தெரியும்?