பாசிட்டிவ்னா நல்லதா, கெட்டதா?

பிள்ளைகள் சோர்ந்து உட்கார்ந்தால், "பாசிட்டிவா யோசிடா" என்கிறோம். பேட்டரியில் பிளஸ் பக்கம் பாசிட்டிவ். இங்கிலீஷ் இலக்கணத்தில் 'டால், டாலர், டாலஸ்ட்' என்று ஒப்பிடும்போது முதல் படிக்குப் பெயர் பாசிட்டிவ். இதெல்லாம் சரி. இதே சொல் லேப் ரிப்போர்ட்டில் வரும்போதுதான் நம் பாடு திண்டாட்டமாகி விடுகிறது!

கர்ப்பப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் வீட்டில் இனிப்பு. சளிப் பரிசோதனையில் காசநோய்க்கு பாசிட்டிவ் என்றால் மாதக்கணக்கில் மாத்திரை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியரில் நெகட்டிவ் என்று வந்தால் நல்ல சேதி. 2020-ல் கொரோனா வந்தபோது, 'நெகட்டிவ்' என்ற சொல்லைக் கேட்கத்தானே குடும்பம் குடும்பமாகக் காத்துக் கிடந்தோம்?

குழப்பமே வேண்டாம் தோழிகளே. லேப்பில் பாசிட்டிவ் என்றால் 'தேடினது இருக்கு'. நெகட்டிவ் என்றால் 'தேடினது தென்படலை'. அவ்வளவுதான். நல்லதா, கெட்டதா என்பது எதைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது.

ரத்த வகையும் அப்படியே. சிவப்பணுவின் மேல் 'டி' என்ற பொருள் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். பிறவியிலேயே அமைவது, நோயும் இல்லை, குறையும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு மாமியார், முழுகாமல் இருந்த மருமகளை, "நெகட்டிவ் ரத்தமாம், ராசியில்லாதவ" என்று குத்திக் காட்டினார். அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து அழுதாளே தவிர, டாக்டரிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தாய் நெகட்டிவ், தகப்பன் பாசிட்டிவ் என்றால் குழந்தை பாசிட்டிவாக இருக்கலாம். அதன் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி விடும். பெரும்பாலும் பாதிக்கப்படுவது அடுத்த குழந்தைதான். இதைத் தடுக்க 'ஆன்டி டி' ஊசி இருக்கிறது. 28-வது வாரத்தை ஒட்டிப் போடுவார்கள். பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் போடுவார்கள். கரு கலைந்தாலும் இந்த ஊசி பற்றிக் கேட்க வேண்டும். ராசி பார்க்கிற நேரத்தில் இதைக் கேட்டால் ஒரு குழந்தை பிழைக்குமே!

லேப்காரர்கள் ரிப்போர்ட்டின் கீழே, 'இந்த நோயின் அறிகுறி உள்ளது / இல்லை' என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால் என்ன? மை தீர்ந்தா போய்விடும்?

அதுவரை, ரிப்போர்ட்டை வாங்கினதும் "எது இருக்கு, எது இல்லை?" என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். 'ஒண்ணும் தெரியாதவள்' என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். உடம்பு நம்முடையதாச்சே!

- ஓர் இல்லத்தரசி, மதுரை.